இன்றைய பருவுக்கல்ல, இனி வரப்போகும் பருவுக்கே மருந்து

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஓராண்டாக நெற்றியிலும் கன்னங்களிலும் பருக்கள் வருகின்றன. பரு இருக்கும் இடத்தில் மட்டும் தொட்டு வைக்கும்படி மூன்று நான்கு களிம்புகளை வாங்கிக் கொடுத்தேன். எதிலும் பத்து நாளில் பலன் தெரியாததால் ஒவ்வொன்றாக மாற்றினேன். தெரிந்தவர் ஒருவர் சொன்ன களிம்பு மட்டும் ஒரே வாரத்தில் நன்றாகக் கேட்டது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகிவிட்டது. தினமும் ஐந்தாறு முறை முகம் கழுவச் சொல்கிறேன், எண்ணெய்ப் பண்டங்களையும் நிறுத்திவிட்டேன். கண்ணாடி முன் நின்று பருக்களைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறான்; வெளியே வரவும் கூச்சப்படுகிறான். வயது ஏறினால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். வயது ஏற ஏறப் பெரும்பாலானோருக்குப் பருக்கள் அடங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் ஆழமான பருக்கள் விட்டுச்செல்லும் குழிகள் வயதோடு மறைவதில்லை. விழுந்துவிட்ட குழியைச் சமன்செய்யப் பல சிகிச்சை முறைகள் இருந்தாலும் அவற்றில் எதுவும் தோலை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. குழி விழாமல் தடுப்பது அதைவிடப் பல மடங்கு எளிது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, பத்து நாளில் பலன் தெரியாததால் களிம்பை மாற்றினேன் என்ற வரியைத்தான். பரு எப்படி உருவாகிறது என்பது தெரிந்தால் அந்த அவசரம் ஏன் பயன்தரவில்லை என்பது புரியும். பருவ வயதில் ஆண், பெண் இருபாலரின் உடலிலும் ஆண்ட்ரஜன் எனப்படும் ஆண் தன்மை ஹார்மோன்கள் கூடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் முகத்திலும் மார்பிலும் முதுகிலும் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து அதிகமாகச் சுரக்கின்றன. அதே வேளையில், மயிர்க்கால் துளையின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வெளியேற வேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு துளையை அடைக்கின்றன. கண்ணுக்கே தெரியாத அந்த அடைப்பில்தான் பரு தொடங்குகிறது. அடைப்பின் வாய் திறந்திருந்தால் கரும்புள்ளியாகவும், மூடியிருந்தால் தோல் நிறத்திலோ வெண்மையாகவோ சிறு குருணையாகவும் தெரியும். எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகி, அதற்கு எதிராக உடலில் அழற்சி எழும்போதுதான் அது சிவந்து, வலித்து, சீழ் கோக்கிறது. ஆக, இன்று காலையில் கண்ணாடியில் தெரியும் பரு பல வாரங்களுக்கு முன்பே தோலுக்கடியில் தொடங்கிவிட்ட ஒன்று.

எனவே நாம் போடும் மருந்தின் முதன்மையான வேலை, கண்ணுக்குத் தெரியும் பருவை ஆற்றுவதல்ல. அடுத்த மாதம் வரப்போகும் பருவை இப்போதே தடுப்பது. இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. மருந்தைப் பருவின் தலையில் மட்டும் வைக்காமல், பரு வரக்கூடிய பகுதி முழுவதும் மெல்லிய படலமாகப் பூச வேண்டும். அது பயன் தருகிறதா இல்லையா என்ற முடிவை 12 வாரங்கள் கழிந்த பிறகே எடுக்க வேண்டும். உங்கள் மகனுக்குத் தந்த களிம்புகளில் ஒன்றிரண்டு உண்மையிலேயே நல்ல மருந்துகளாக இருந்திருக்கக்கூடும். அவை வேலை செய்யத் தொடங்கும் முன்பே நிறுத்தப்பட்டுவிட்டன.

மிதமான பருக்களுக்கு நான் வழக்கமாகப் பரிந்துரைப்பது இரண்டு மருந்துகளை. இரவில் அடாபலீன் 0.1 சதவீத ஜெல்; இது துளைகள் அடைபடுவதைத் தடுக்கிறது. முகத்தைக் கழுவி, ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, கன்னங்கள், முகவாய் என்று பரவலாகப் பூசினால் போதும். கண் ஓரம், மூக்கின் மடிப்பு, உதடு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசி, தோல் பழகிய பின் தினமும் தொடரலாம். காலையில் பென்சாயில் பெராக்சைடு. இது பாக்டீரியாவைக் கொல்கிறது, பாக்டீரியா இதற்கு எதிர்ப்புத்திறனும் பெறுவதில்லை. 2.5 சதவீதமே போதுமானது. செறிவைக் கூட்டினால் எரிச்சல்தான் கூடும். இது துணியின் சாயத்தை வெளுத்துவிடும் என்பதால் வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

முதல் சில வாரங்களில் தோல் வறண்டு உரியும், இலேசாக எரியும். பருக்கள் சற்றுக் கூடியதுபோலவும் தோன்றலாம். பெரும்பாலான பிள்ளைகள் மருந்தைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான் என்பதால், இது வரும் என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். துளைகளை அடைக்காத வகையைச் சேர்ந்த மாய்ஸ்சரைசரைத் தினமும் பூசினால் எரிச்சல் பெருமளவு குறையும். எண்ணெய் வழியும் முகத்துக்கு எதற்கு மாய்ஸ்சரைசர் என்று பலரும் கேட்கிறார்கள். சிகிச்சையைத் தொடர்ந்து தாங்கும் வலுவைத் தோலுக்குத் தருவது அதுதான். பகலில் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனும் தேவை.

முகம் கழுவுவதைக் குறைக்க வேண்டும். கரும்புள்ளியின் கருமை அழுக்கல்ல. அது துளைக்குள் இருக்கும் மெலனின் நிறமியும் காற்றுபட்டு நிறம் மாறிய எண்ணெயுமே ஆகையால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, விளையாடி வியர்த்த பின் ஒருமுறை என்று, மென்மையான ஃபேஸ்வாஷைக் கொண்டு விரல்களால் கழுவினால் போதும். சொரசொரப்பான ஸ்கிரப், பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா ஆகியவற்றை முகத்தில் வைக்கவே கூடாது; இவை தோலைப் புண்ணாக்கி, கருமையையும் விட்டுச் செல்கின்றன. தலைக்கு வைக்கும் எண்ணெயும் கிரீமும் நெற்றியில் வழிந்தால் அங்கே துளைகள் அடைபடும். உங்கள் மகனுக்கு நெற்றியிலும் பருக்கள் இருப்பதால் இதையும் கவனியுங்கள்.

ஒரே வாரத்தில் கேட்டது என்று நீங்கள் சொன்ன களிம்பு எனக்குக் கவலை தருகிறது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பியது என்பதைப் பார்த்தால், அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஏதேனும் இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். இவை சிவப்பையும் வீக்கத்தையும் வேகமாக அடக்குவதால் அற்புத மருந்துபோலத் தெரியும். ஆனால் நாளடைவில் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, புதிய பருக்களையும் கிளப்பிவிடும். நிறத்தைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் சில களிம்புகளிலும் இவை கலந்திருப்பது உண்டு. அந்தக் களிம்பை மீண்டும் தொடங்க வேண்டாம். அதன் உறையைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிள்ளுவதைப் பற்றி. பருவை அழுத்தும்போது சீழின் ஒரு பகுதி வெளியே வந்தாலும் எஞ்சியது தோலுக்குள் இன்னும் ஆழமாக வெடித்துப் பரவுவதால் அழற்சியும் தழும்பும் கூடுகின்றன. நிறம் ஆழ்ந்த தோலில், ஆறிய பருவின் இடத்தில் தங்கும் கருமை மாதக்கணக்கில் நீடிக்கும். ஆனால் அந்தக் கருமை மங்கக்கூடியது, குழிதான் நிலைக்கும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னாலே பல பிள்ளைகள் ஆறுதல் அடைகிறார்கள். கருமையை விரைவாகக் குறைக்க அசெலாயிக் அமிலக் களிம்பும் உதவும்.

உணவைப் பொறுத்தவரை நீங்கள் உங்களையும் மகனையும் வருத்திக்கொள்ளத் தேவையில்லை. எண்ணெய்ப் பண்டம் நேரடியாகப் பருவாக மாறுவதில்லை. இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் இனிப்புகளும் மாவுப் பண்டங்களும், சிலருக்குப் பாலும், பருக்களைக் கூட்டலாம் என்பதற்கு ஓரளவு சான்றுகள் உள்ளன. அவற்றை மட்டாக வைத்துக்கொள்வது நல்லது. உடற்பயிற்சிக்காக ‘வே’ எனப்படும் பால் புரதப் பொடி சாப்பிடுகிறானா என்று கேளுங்கள். அதனாலும் சிலருக்குப் பருக்கள் கூடும்.

ஓராண்டாகத் தொடர்வதாலும் அந்தக் களிம்பின் விளைவாலும், உங்கள் மகனை இப்போதே ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுவதே சரி. தோலுக்கடியில் வலியோடு கட்டிகள் இருந்தாலோ, குழி விழத் தொடங்கியிருந்தாலோ நாள் கடத்தவே கூடாது. மருத்துவர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சில மாதங்களுக்குத் தரலாம். அதை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், வெயிலிலும் கவனம் தேவை. பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெறாமல் இருக்க, ஆன்டிபயாடிக் எதையும் தனியாகப் பயன்படுத்தாமல் பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்தே பயன்படுத்துவது முறை. கடுமையான பருக்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் மிகச் சிறந்த மருந்து; ஆனால் அதை இரத்தப் பரிசோதனையோடும் மனநிலையைக் கவனித்தபடியும் மருத்துவர் மேற்பார்வையிலேயே எடுக்க வேண்டும். இது கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் ஊனத்தை விளைவிக்கக்கூடியது என்பதால் இக்கடிதத்தைப் படிக்கும் பெண்பிள்ளைகளின் பெற்றோர் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அப்பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மையும் முகத்தில் முடி வளர்ச்சியும் சேர்ந்திருந்தால் ஹார்மோன் பரிசோதனையும் தேவைப்படும். பருக்களோடு காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் உடனடியாகக் காட்ட வேண்டும்.

வெளியே வரக் கூச்சப்படுகிறான் என்பதைப் பருவை விடச் சிறிய செய்தியாக எண்ணாதீர்கள். தினமும் அவன் முகத்தைப் பார்த்து இன்று கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று சொல்வதையும், கிள்ளாதே என்று அதட்டுவதையும் இந்த மூன்று மாதங்களுக்கு நிறுத்திவிடுங்கள். உறவினர்கள் தொடங்கினாலும் பேச்சை மாற்றுங்கள். மருந்து பூசும் பொறுப்பை அவனிடமே ஒப்படையுங்கள். தூக்கம் கெட்டு, நண்பர்களை ஒதுக்கி, பள்ளிக்குப் போக மறுக்கும் அளவுக்கு வந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பரு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த வேதனையே தீவிரச் சிகிச்சைக்குப் போதுமான காரணம்.

மாதத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் அவனே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். தினமும் கண்ணாடி பார்ப்பவனுக்குத் தெரியாத முன்னேற்றம் அதில் தெரியும். முகம் தெளிந்த பிறகும் அடாபலீனை உடனே நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் வரை இரவில் தொடர வேண்டும்.