மூன்று டிவிக்கு ஒரு டிஷ் போதுமா?

கேள்வி: கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் வீடு. வீட்டில் பேசுவது தமிழ். பிள்ளைகள் படிப்பது மலையாளம் மீடியம். இப்போது மேலே மாடி எடுக்கிறோம். ஹாலில் ஒரு டிவி, மாமியார் அறையில் ஒன்று, மாடியில் பிள்ளைகளுக்கு ஒன்று என்று மூன்றாகிறது. இருக்கிற டிஷ் வயரில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்தால் போதும் என்கிறார் வயரிங் செய்பவர். கம்பெனியில் கேட்டால் ஒவ்வொரு டிவிக்கும் தனி பாக்ஸ், தனி ரீசார்ஜ் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: கம்பெனி சொல்வதுதான் சரி. டிஷ் ஒன்றே போதும், ஆனால் ஸ்ப்ளிட்டர் சரிவராது. வயரிங்காரர் கேபிள் டிவியை மனதில் வைத்துச் சொல்கிறார். கேபிளில் எல்லா சேனலும் ஒரே வயரில் ஒன்றாக வரும், எங்கே வேண்டுமானாலும் பிரிக்கலாம். டிஷ்ஷில் அப்படி இல்லை. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்கும் எல்என்பிக்கு பாக்ஸ்தான் அந்த வயர் வழியாகவே மின்சாரம் அனுப்புகிறது. 13 வோல்ட் போனால் எல்என்பி செங்குத்து அலையைத் தரும். 18 வோல்ட் போனால் கிடை அலையைத் தரும். எந்தச் சேனல் எந்த அலையில் இருக்கிறதோ அதற்கேற்ப பாக்ஸ் வோல்டேஜை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரே வயரில் இரண்டு பாக்ஸ் தொங்கினால் இரண்டும் ஆளுக்கொன்றாகக் கேட்கும். மாமியார் சேனல் மாற்றும்போது ஹாலில் படம் நின்றுபோகும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. டிஷ் மாட்ட வந்தவர் ஸ்ப்ளிட்டர் போட்டுவிட்டுப் போனார். அம்மா செய்தி வைத்தால் உள்ளறை டிவியில் ‘சிக்னல் இல்லை’ என்று வரும். பாக்ஸ்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மாற்றினோம். கடைசியில் எல்என்பியை மாற்றி, தனி வயர் இழுத்த பிறகுதான் சரியானது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்குத் தேவை நான்கு முனை உள்ள க்வாட் எல்என்பி. ஒரு முனைக்கு ஒரு வயர், ஒரு வயருக்கு ஒரு பாக்ஸ். மூன்று டிவி போக ஒரு முனை மிச்சமிருக்கும். கடையில் வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். ‘க்வாட்ரோ’ என்று ஒன்று விற்கிறது. அதிலும் நான்கு முனை இருக்கும், ஆனால் அது மல்ட்டிஸ்விட்ச் (சிக்னலைப் பல பாக்ஸுக்குப் பங்கிடும் கருவி) வைத்துப் பல வீடுகளுக்குக் கொடுக்கும் அபார்ட்மெண்டுகளுக்கானது. நேராக பாக்ஸில் சொருகினால் பல சேனல்கள் வராது.

மாடி பூச்சு முடியவில்லை என்றால் உங்களுக்கு நல்ல நேரம். சுவருக்குள் பைப் போடும்போதே டிவி வரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஆர்ஜி6 என்கிற டிஷ் வயர் இரண்டு இழுத்துவிடச் சொல்லுங்கள். ஒன்று கெட்டாலும் சுவரை உடைக்க வேண்டாம். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க விடாதீர்கள். நடுவில் ஒட்டுப் போடவும் கூடாது. டிஷ்ஷிலிருந்து டிவி வரைக்கும் ஒரே வயராக வரட்டும்.

சரி, மாதச் செலவுக்கு வருவோம். மாட்டும் செலவு ஒரு தடவையோடு போகும், ரீசார்ஜ் வருடக்கணக்கில் போகும். அதனால் பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். ஒரே வீட்டில், ஒரே பெயரில் இரண்டாவது, மூன்றாவது இணைப்பு எடுத்தால் நெட்வொர்க் கட்டணத்தில் (சேனல் விலை போக இணைப்புக்கென்று மாதாமாதம் வாங்குவது) 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2020 ஜனவரியில் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) வரம்பு வைத்தது. பிறகு 2024 ஜூலையில், இந்தக் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று விட்டுவிட்டது. எனவே ‘மாதம் இவ்வளவுதான்’ என்று சொன்னால் அப்படியே தலையாட்டாதீர்கள். இரண்டாவது பாக்ஸுக்கு நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு, சேனல் விலை எவ்வளவு, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மூன்று பாக்ஸிலும் ஒரே பேக்கைப் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. உங்கள் வீடு போன்ற இரண்டு மொழி வீட்டில் அது வீண் செலவு. மாமியார் பாக்ஸில் தமிழ் மட்டும் போதும்; மலையாளச் சேனல்களுக்கு அங்கே ஏன் பணம் கட்ட வேண்டும்? கேரள முகவரி என்பதால் எடுத்தவுடன் மலையாளப் பேக்கைத்தான் நீட்டுவார்கள். தமிழ்ப் பேக் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள், கொடுப்பார்கள்.

என்னைக் கேட்டால் மூன்றாவது கட்டண இணைப்பே வேண்டாம் என்பேன். பிராட்பேண்ட் இருந்தால் மாடி டிவி இணையத்தில் ஓடட்டும். இல்லையென்றால் மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிடி தமிழும் டிடி மலையாளமும் வரும்; சன் டிவி, ஏஷியாநெட் போன்ற கட்டணச் சேனல்கள் வராது. அது 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. உங்கள் டிஷ் வேறு செயற்கைக்கோளைப் பார்த்தால் இதற்குத் தனி டிஷ் வைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: வீட்டில் இரண்டாவது பாக்ஸ் சும்மா கிடக்கிறது. பொள்ளாச்சியில் வேலை பார்க்கும் மகன் அதை எடுத்துப் போகிறேன் என்கிறான். எல்லை தாண்டினால் வேலை செய்யுமா? (கோபாலபுரம் வாசகர்)

பதில்: வேலை செய்யும். செயற்கைக்கோளுக்கு வாளையாறு, கோபாலபுரம் எல்லையெல்லாம் தெரியாது. அங்கே ஒரு டிஷ் வைத்தால் படம் வந்துவிடும். ஆனாலும் வேண்டாம். இரண்டாவது பாக்ஸுக்கான சலுகை விலை ஒரே வீட்டுக்கு என்று கொடுத்தது. கண்டுபிடித்தால் நிறுத்துவார்கள். உங்கள் கணக்கில் பணம் தீர்ந்தால் பெரும்பாலும் மகன் டிவியும் சேர்ந்து நிற்கும். கம்பெனியிடம் சொல்லி, அந்த பாக்ஸை மகன் பெயரில் தனி இணைப்பாக்கித் தரச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஆடி மாதம் வந்தால் போதும், எங்கள் டிஷ்ஷில் சிக்னல் போய்விடுகிறது. மழைகூட இல்லை. தென்னை மறைக்கிறது, வெட்டிவிடலாம் என்கிறார்கள். வெட்டலாமா? (வண்டித்தாவளம் வாசகி)

பதில்: அவசரப்பட்டு மரத்தில் கை வைக்காதீர்கள், அம்மா. நம் ஊரிலிருந்து பார்த்தால் டிஷ் தேடும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் தென்கிழக்கில், நல்ல உயரத்தில்தான் நிற்கின்றன. 83 டிகிரி கிழக்கில் உள்ள செயற்கைக்கோள் தரையிலிருந்து கிட்டத்தட்ட 75 டிகிரி உயரத்தில் இருக்கும். டிஷ்ஷுக்கு மிக அருகில், தென்கிழக்குப் பக்கமாக நின்றால் மட்டுமே தென்னை மறைக்கும்.

மழை இல்லாமல் ஆடியில் மட்டும் போகிறது என்றால் எனக்குச் சந்தேகம் காற்றின் மேல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. டிஷ் தென்கிழக்கைப் பார்ப்பதால் காற்று அதன் முதுகில் அடிக்கும். கம்பி லேசாக அசைந்து ஒரு டிகிரி விலகினாலே சிக்னல் குறைந்துவிடும். மொட்டைமாடி நடுவில் நீளக் கம்பியில் வைத்திருந்தால், கிழக்குச் சுவர் பக்கம் தாழ்வாக மாற்றி வையுங்கள். காற்றை வீடே தடுத்துக்கொள்ளும். நான்கு போல்ட்டையும் கான்கிரீட்டில் இறுக்கச் சொல்லுங்கள், வெறும் பூச்சில் அல்ல. எல்என்பி முனையில் தண்ணீர் இறங்காமல் ரப்பர் டேப் சுற்றி, வயரைக் கீழே ஒரு வளைவு விட்டுப் பிறகு மேலேற்றச் சொல்லுங்கள். ஆள் கீழே இறங்குவதற்கு முன் பாக்ஸ் மெனுவில் சிக்னல் குவாலிட்டி எவ்வளவு என்று பார்த்துக் குறித்து வையுங்கள். அடுத்த ஆடியில் அந்த எண் குறைந்திருந்தால் டிஷ் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.