ஃப்ரியோ ஆற்றங்கரையில் கூடாரம்: கார்னர் ஸ்டேட் பார்க் கேள்வி பதில்

டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில், கான்கன் ஊருக்குப் பக்கத்தில், ஃப்ரியோ ஆறு ஏறக்குறைய மூன்று மைல் தூரம் கார்னர் ஸ்டேட் பார்க் வழியாக ஓடுகிறது. நான் அங்கே அடிக்கடி முகாமிடுபவள் என்பதால் நண்பர்களின் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. பதில்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும்.

ஜூலை வாரயிறுதிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. எப்போதுதான் பதிவு செய்வது? (ஹூஸ்டன்)

இரவு தங்குவதற்கான முன்பதிவு 5 மாதங்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. ஜூலைக்கு பிப்ரவரியிலேயே உட்கார வேண்டும். தவறவிட்டால், பயணத்துக்கு முந்தைய சில நாட்களில் இணையத்தளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்; ரத்தாகும் இடங்கள் திரும்ப வரும். பகலில் மட்டும் போய்வர 30 நாட்களுக்கு முன்னிருந்து நுழைவுச் சீட்டு எடுக்கலாம். எடுக்காமல் கோடைச் சனிக்கிழமையில் போய் நின்றால் வாசலோடு திரும்ப நேரிடும். ஹூஸ்டனிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டிவந்து அப்படித் திரும்புவது கொடுமை.

அக்கா, குழந்தைகளுக்கு 4 வயது, 7 வயது. எங்களுக்குக் கூடாரம் அடித்துப் பழக்கமில்லை. கேபினும் கிடைக்கவில்லை.

கூரையும் தரையும் இருந்து, சன்னல்களில் கொசுவலை அடித்த ஷெல்டர்கள் உண்டு. முதல் முறைக்கு அதுவே போதும். கட்டில், மெத்தை எதுவும் இருக்காது. பாய், போர்வை, விசிறி கொண்டுபோங்கள். கழிப்பறைக்கு வெளியே நடக்க வேண்டும் என்பதால் ஆளுக்கொரு டார்ச் தேவை.

2025 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரம் படுக்கவே பயமாக இருக்கிறது. போகலாமா? (ஆஸ்டின்)

போகலாம். ஆனால் அந்தப் பயத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.

2025 ஜூலை 4 அதிகாலையில் பெருகியது குவாடலூப் ஆறு. ஹன்ட் பகுதியில் 45 நிமிடங்களில் 26 அடி ஏறியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஃப்ரியோ வேறு பள்ளத்தாக்கு என்றாலும் நிலம் ஒரே மாதிரியானது. சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண், செங்குத்தான சரிவுகள். பெய்த மழை உள்ளே இறங்காமல் அப்படியே ஆற்றில் வந்து விழும். உங்கள் தலைக்குமேல் நட்சத்திரம் தெரியும்போதே மேலே எங்கோ மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் கான்கன் வானிலையை மட்டும் பார்க்காதீர்கள். ஆற்றின் மேற்பக்கம் இருக்கும் லேக்கி ஊரின் முன்னறிவிப்பையும் பாருங்கள். திடீர் வெள்ள அபாயம் இருப்பதாக வானிலைத் துறை அறிவித்திருந்தால், ஆற்றோர இடத்துக்குக் கட்டிய பணம் போனாலும் போகட்டும்.

பார்க்குக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்குங்கள். கூடாரம் அடிக்கும் முன், வெளிச்சம் இருக்கும்போதே, அங்கிருந்து மேட்டுக்கு நடந்தே ஏறும் வழியைக் குடும்பத்தோடு ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் ஏறினால் சாமான்களை எடுக்க நிற்க வேண்டாம். சாலையைக் கடந்து தண்ணீர் ஓடினால் காரை இறக்கவே கூடாது. ஓர் அடி ஓட்டம் சிறிய காரை இழுத்துச் செல்லப் போதும். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி.

போன முறை போனபோது காற்றடைத்த டியூபில் படுத்து ஆற்றில் மிதக்கத் தண்ணீரே இல்லை!

வறட்சிக் காலத்தில் ஃப்ரியோ அப்படித்தான் மெலிந்துவிடும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை கான்கனில் நீரோட்டத்தை அளந்து இணையத்தில் வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். ஓட்டம் மிகக் குறைவு என்றால் டியூபைச் சுமந்துகொண்டு கூழாங்கல்லில் நடக்கத்தான் வேண்டியிருக்கும். நல்ல ஓட்டம் இருக்கும் ஆண்டில் ஊற்று நீரின் குளிர்ச்சி ஆகஸ்ட் வெயிலிலும் முதுகைச் சிலிர்க்க வைக்கும்.

விறகடுப்பில் பிரியாணி செய்ய ஆசை. அனுமதி உண்டா?

ஒவ்வோர் இடத்திலும் நெருப்பு வளையம் இருக்கிறது. ஆனால் அங்கே கிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்கக் கூடாது. விறகு வாங்கித்தான் எரிக்க வேண்டும். வறண்ட காலத்தில் தீத்தடை வந்தால் விறகும் கரியும் நின்றுபோகும். கேஸ் அடுப்பைப் பொதுவாக அனுமதிப்பார்கள். எனவே கேஸ் அடுப்பு எப்போதும் காரில் இருக்கட்டும். முதல் நாளுக்குப் புளியோதரையை வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். தோசை மாவு மட்டும் வேண்டாம். வெயிலில் நின்ற காருக்குள் அது பொங்கி வழிந்த கதைகள் நிறையக் கேட்டாயிற்று. பாத்திரத்தை ஆற்றில் தேய்க்காதீர்கள். மிச்சச் சோற்றை இரவில் காருக்குள் பூட்டுங்கள், இல்லாவிட்டால் ரக்கூன்கள் பந்தி வைத்துவிடும்.

பியர்?

டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளில் பொது இடத்தில் குடிப்பதும் வெளியே தெரிய வைத்திருப்பதும் விதிமீறல்.

ஊரிலிருந்து அம்மா, அப்பா வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்த மாதம் அழைத்துப்போவது? (டாலஸ்)

அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை. கரையோரப் பால்ட் சைப்ரஸ் மரங்கள் செம்பழுப்பாக மாறும், கூட்டமும் இருக்காது. அந்த நாட்களில்தான் அருகிலுள்ள லாஸ்ட் மேப்பிள்ஸ் இயற்கைப் பகுதியும் சிவக்கும். அங்கே பகல் நுழைவுச் சீட்டைத் தனியாக முன்பதிவு செய்து ஒருநாள் போய்வாருங்கள். யுட்டோபியா வழியாகப் போகும் 1050 எண் சாலை வளைந்து வளைந்து ஏறும். வாந்தி வருபவர்களை முன்சீட்டில் உட்காரவையுங்கள். கார்னருக்குள் இருக்கும் ஓல்ட் பால்டி குன்றை அப்பாவுக்கு விட்டுவிட்டு அம்மாவை ஆற்றோரம் நாற்காலியில் உட்காரவைக்கலாம். ஏற்றம் அரை மைல்தான், ஆனால் பாறை வழுக்கும். ஷூ இல்லாமல் அப்பாவையும் ஏற்றாதீர்கள்.

அங்கே இரவில் நடனம் என்கிறார்களே, குடும்பத்தோடு போகிற மாதிரியா?

தாராளமாக. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்கு வேலை தந்த சிவிலியன் கன்சர்வேஷன் கோர் அமைப்பினர் கட்டிய கல் மண்டபம் அது. பார்க் 1941இல் திறந்தது. கோடை இரவுகளில் ஜூக்பாக்ஸ் எனும் பாட்டுப் பெட்டியின் பாட்டுக்குத் தாத்தா, பேத்தி என்று எல்லோரும் ஆடுவார்கள். ஆடத் தெரியாத நான் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவள். மண்டபம் பார்க்கின் பழைய பகுதியான ‘ஓல்ட் கார்னர்’ பக்கம் இருக்கிறது. இருட்டுவதற்கு முன்பே போகாவிட்டால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. முகாமில் இரவு 10 மணிக்குமேல் சத்தம் கூடாது.

என் பையன் மீன் பிடிக்க வேண்டும் என்கிறான். லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

ஸ்டேட் பார்க்குக்குள் கரையிலிருந்து பிடித்தால் யாருக்கும் வேண்டாம். கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் ஏறினால் மட்டும், 13 வயது ஆகாத பிள்ளை லைஃப் ஜாக்கெட்டை அணிந்தே இருக்க வேண்டும். அது சட்டம். அளவு சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே போட்டுப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.