எனிபடியா எனிஒன்னா, எனிதிங்கா நத்திங்கா: ஆங்கில மரபுத்தொடரில் எதைப் போடுவது?

ராயபுரத்தில் சாயங்கால ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் பாதிப்பேர் துறைமுகம் பக்கம் கிளியரிங் ஆபீஸ்களில் வேலை பார்ப்பவர்கள். ஆங்கில மரபுத்தொடரில் எனிபடி, எனிஒன், எனிதிங், நத்திங் மாதிரி வார்த்தைகளில் எதைப் போடுவது என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. முதலாவது, எனிபடி மாதிரி 'படி'யில் (body) முடிவதா, எனிஒன் மாதிரி 'ஒன்'னில் (one) முடிவதா என்பது. பொருளில் வித்தியாசமே இல்லை. பேச்சில் படி அதிகம், எழுத்தில் ஒன் அதிகம், அவ்வளவுதான். ஆனால் மரபுத்தொடருக்குள் போனால் சிலது உறைந்துவிடும். 'லைக் நோபடிஸ் பிசினஸ்' என்றால் தாறுமாறாக என்று அர்த்தம். அங்கே 'நோ ஒன்ஸ்' போட்டால் காதில் உறுத்தும். பெரிய ஆள் என்று நினைப்பு பிடித்தவனை 'ஹீ திங்க்ஸ் ஹீஸ் சம்படி' என்பார்கள். 'சம்ஒன்' போட்டால் அந்தக் குத்தல் இறங்காது. 'எனிபடிஸ் கெஸ்', 'எனிஒன்ஸ் கெஸ்' மட்டும் இரண்டுமே ஓடும். ஏன் என்று குடையாதீர்கள், அப்படியே மனப்பாடம் பண்ணுங்கள்.

இரண்டாவது, முன்னால் வருவது எனியா, நோவா, எவ்ரியா என்பது. இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அங்கே பொருளே புரண்டுவிடும். 'எனிதிங் பட்', 'நத்திங் பட்' எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பட் என்றால் 'ஆனால்' இல்லை, 'தவிர'. 'எனிதிங் பட் ஈஸி': வேறு எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், சுலபம் மட்டும் இல்லை. 'நத்திங் பட் ட்ரபிள்': தொல்லையைத் தவிர வேறொன்றும் இல்லை. சரக்கு நல்லபடியாக வந்திருக்கிறது என்று சொல்ல நினைத்து 'தி கார்கோ இஸ் நத்திங் பட் டேமேஜ்ட்' என்று ஒரு தம்பி மெயில் டிராஃப்ட் கொண்டுவந்தான். அங்கே 'எனிதிங் பட்' வந்திருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் இன்சூரன்ஸ்காரர் வந்து நின்றிருப்பார்.

வியாசர்பாடி மைதானத்தில் ஒன்றுக்கு ஒன்று என்று மேட்ச் நிற்கிறது, பத்து நிமிஷம் பாக்கி. 'இட்ஸ் எனிபடிஸ் கேம்'. யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். 'எவ்ரிபடிஸ்' ஆகாது, எல்லாரும் ஜெயிக்க முடியாதே! இந்த வகைக்கு மனப்பாடம் வேண்டாம். எனி வந்தால் 'எது வேண்டுமானாலும்', எவ்ரி வந்தால் 'எல்லாம்', நோ வந்தால் 'ஒன்றும் இல்லை' என்று போட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கிடைக்காததும் உண்டு. 'மழை லைக் எனிதிங்' என்று நம் ஊரில் தமிழிலேயே கலந்து பேசுகிறோம்; பயங்கரமாகப் பெய்கிறது என்று பொருள். 'சம்திங் லைக் ஃபிஃப்டி' என்றாலோ ஏறக்குறைய ஐம்பது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.