மூன்றாவது ஓட்டு

கேள்வி: என்னுடைய ஒரே ஒரு ஓட்டு அரசாங்கத்தின் காதில் விழுமா? இல்லை, சமூகச் சங்கங்கள் மூலமாகப் போனால்தான் காரியம் நடக்குமா?
- ஒரு வாசகர், ரோஸ்ஹில்

பதில்: ஒரே ஒரு ஓட்டா? ஐயா, உண்மையிலேயே ஒன்றுதான் போட்டுவிட்டு வந்தீர்களா? அப்படியென்றால் அது காதில் விழவில்லை, குப்பையில் விழுந்தது. நம் மொரீஷியஸில் தொகுதிக்கு மூன்று உறுப்பினர். சீட்டில் சரியாக மூன்று குறி இருக்க வேண்டும். இரண்டு போட்டாலும் செல்லாது, நான்கு போட்டாலும் செல்லாது. ரொட்ரிகஸ் தீவுக்காரர்களுக்கு மட்டும் இரண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பரிடம் இதைச் சொன்னேன். "ஆளுக்கு மூணா?" என்று வாயைப் பிளந்தவர், இங்கேயே குடியேறிவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த மூன்றை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் நடத்தும் கூத்து இருக்கிறதே! முதல் இரண்டு கட்சிக்கு. மூன்றாவது "நம்ம ஆளுக்கு", அவர் எந்தக் கட்சியில் நின்றாலும் சரி. கட்சிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் தொகுதிக்கு மூன்று பேரை நிறுத்தும்போது உப்பு, புளி, காரம் பார்ப்பதுபோல சாதி சமயம் பார்த்துக் கலக்குகிறார்கள்.

என் பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கட்சிச் சின்னங்களில் லேபருக்குச் சாவி, எம்.எம்.எம்.முக்கு இதயம், எம்.எஸ்.எம்.முக்குச் சூரியன், பி.எம்.எஸ்.டி.க்குச் சேவல். பெரியம்மாவின் மூன்றாவது குறி எப்போதும் சேவலுக்கு. கொள்கைப் பிடிப்பா என்று கேட்டேன். "முருகன் கொடியிலே இருக்கிற சேவல்டா, அதை எப்படி விடறது?" என்றார். சேவல் கூட்டணி மாறும். பெரியம்மா கடைசிவரை மாறவில்லை. அந்தக் கட்சி என்ன பேசுகிறது என்று அவருக்கும் தெரியாது, தங்களுக்கு ஓட்டு விழுவது சுப்பிரமணியர் தயவால் என்று அந்தக் கட்சிக்கும் தெரியாது. குடிமகனுக்கும் அரசுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் பெரியம்மாவை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பார்கள்?

சரி, சங்கத்துக்கு வருகிறேன். சங்கம் என்றாலே எனக்கு நாற்காலிதான் ஞாபகம் வருகிறது. தைப்பூசக் காவடி அன்று பக்தர்கள் தார் ரோட்டில் கால் கொப்பளிக்க வருவார்கள். முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகளில் அமைச்சரும் சங்கத் தலைவர்களும். ஒருமுறை ஒரு சங்கத்தின் செயலாளர் என்னை இரண்டாம் வரிசையிலிருந்து எழுப்பி ஐந்தாம் வரிசைக்கு அனுப்பினார். அன்றிலிருந்து அவர் எனக்கு வணக்கம் சொல்வதில்லை, நான் அவர் அனுப்பும் போட்டோக்களைப் போடுவதில்லை. ஆகவே சங்கங்களைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டே படியுங்கள்.

ஆனாலும் சங்கங்கள் ஒன்றுமே கிழிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய்த் தாளை எடுங்கள். படத்தில் அமைச்சராக இருந்த நம் தமிழர் ரெங்கநாதன் சீனிவாசன். பக்கத்தில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதற்கும் கீழே இந்தி. 1998இல் வந்த புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். கோயில், சங்கம், இளைஞர் என்று எல்லோரும் கொதித்தெழுந்தார்கள். அச்சடித்த தாள்களைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசைப்படியே மறுபடி அச்சடித்தார்கள். அரசியலமைப்பிலோ நமக்குத் தனிப் பெயரே கிடையாது: இந்து, முஸ்லிம், சீனர், பொது மக்கள் என்று நான்கு பிரிவு, நாம் இந்துவுக்குள் அடக்கம். தேர்தலில் தோற்றவர்களிலிருந்து சமூகச் சமநிலைக்காக நாடாளுமன்றத்தில் சேர்க்கும் எட்டு கூடுதல் இடங்களை 1972ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்துப் பங்கு போடும்போதும் நம்மைத் தனியாக எண்ணுவதில்லை. தனியாக எண்ணப்படாதவன் சத்தம் போட்டுத்தானே ஆகவேண்டும்?

இதில் கவனிக்க வேண்டியது, 1998இல் பொதுத் தேர்தலே இல்லை. அடுத்தது 2000இல்தான். போட்ட ஓட்டால் அல்ல, போடப்போகிற ஓட்டைக் காட்டித்தான் காரியம் நடந்தது. உங்கள் மூன்றாவது ஓட்டை அடகு வைத்துத்தான் சங்கத் தலைவர் அமைச்சர் அறையில் தேநீர் குடிக்கிறார். வைத்த நகை உங்களுடையது, அடகுச் சீட்டு அவர் பையில். தாளில் ஒரு வரி மேலே ஏறினால் லாபம் எல்லோருக்கும். அவர் மருமகனுக்கு வாரியத்தில் பதவி கிடைத்தால்? நம் ஊர் கிரியோல் மொழியில் 'ரோடேர் பூட்' (தனக்கொரு துண்டு தேடி அலைபவர்) என்று இதற்குக் கச்சிதமான சொல் இருக்கிறது, தமிழில் தேடினேன், அகப்படவில்லை.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 62 இடங்களில் 60 ஒரே அணிக்குப் போனது. அதுவும் எதிரணிக்கு. அதற்கு முந்தின மாதம் வரை ஆளுங்கட்சிக்கு மாலை போட்டு "எங்கள் சமூகம் உங்கள் பக்கம்" என்று மேடையில் முழங்கியவர்கள் உண்டு. அடகுக் கடைக்காரருக்கு அன்றுதான் நகை கவரிங் என்று தெரிந்தது. உங்கள் ஓட்டு காதில் விழுமா என்று கேட்டீர்களே, அன்று விழுந்த சத்தம் போதாதா?

அந்த நூறு ரூபாய்த் தாளை வைத்துப் போன வாரம் எங்கள் தெருக் கடையில் ஒரு சோதனை செய்தேன். கல்லாவில் இருந்த பையன் வருஷா வருஷம் காவடி எடுப்பவன். அந்த வரியில் விரலை வைத்து "இது என்ன பாஷை?" என்றேன். "தமிழ், தொன்தொன் (மாமா)" என்றான், பளிச்சென்று. "என்ன எழுதியிருக்கு?" தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான், கண்ணை மேல் வரிக்கு ஏற்றினான், "வன் ஹண்ட்ரட் ருப்பீஸ்" என்றான். மீதிச் சில்லறையை மட்டும் சரியாகக் கொடுத்தான்.