கோழி பிடிக்கும் நாள்

ஐயா, வணக்கம். பல்லடம் பக்கம் அப்பா 5,000 கோழி ஷெட் போட்டு ஒப்பந்தத்தில் வளர்க்கிறார். ஏகபோகம் வந்தால் விலை ஏறும் என்று கல்லூரியில் படித்தேன். கறிக்கோழி மலிவாகத்தானே கிடைக்கிறது? எங்கள் ஊரில் நடப்பதை ஏகபோகம் என்று சொல்லலாமா? நாம் பிராய்லர் வாங்குவதை நிறுத்தினால் மாறுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிராய்லரை நிறுத்துவதால் ஒன்றும் ஆகாது. அதை விடுங்கள்.

விற்பவர் ஒருவரே என்றால் விலை ஏறும். வாங்குபவர் ஒருவரே என்றால் கூலி இறங்கும். அது கறிக்கடைப் பலகையில் தெரியாது. ஊரில் நாலு கம்பெனி இருந்தும், ஒருவர் விட்ட பண்ணைக்கு மற்றவர் குஞ்சு இறக்கமாட்டார் என்றால் அதுவும் இதுதான். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நியாயமற்ற விற்பனை விலையோடு நியாயமற்ற கொள்முதல் விலையையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் பாடத்தில் பாதிதான் வந்திருக்கிறது.

குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. ஷெட், கரண்ட், தண்ணீர், தரையில் பரப்பும் தேங்காய் மஞ்சி, ஆள் அப்பாவுடையது. சந்தை விலை விழுந்தால் நட்டம் கம்பெனிக்கு என்பதுதான் பேச்சு. ஆனால் கோழி பிடிக்க வண்டி என்றைக்கு வரும் என்பது யார் கையில்?

கணக்குப் போடுங்கள். 5,000 குஞ்சில் 250 செத்துப்போய் 4,750 நிற்கிறது. 40ஆம் நாள் ஒரு கோழி 2 கிலோ, தின்றது 3.2 கிலோ. எப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ எடைக்குத் தின்ற தீவனம், 1.60. பல்லடத்தில் கறிக்கோழியின் சந்தை விலை இறங்கியிருக்கிறது, வண்டி ஐந்து நாள் வரவில்லை. தினம் 180 கிராம் தின்கிறது, ஏறுவது 80 கிராம்தான். சித்திரை வெயிலில் 150 கோழி சாகிறது. தின்றதெல்லாம் கணக்கில் நிற்கும், செத்த கோழியின் எடை நிற்காது. எப்.சி.ஆர். 1.76 ஆகிவிடுகிறது. மொத்த எடை கூடியதே என்பார்கள். கூடியதுதான், கிலோவுக்கான வளர்ப்புக் கூலியில் எப்.சி.ஆர். பிடித்தமும் கூடிவிட்டதே! ஷெட் காலியாகாமல் அடுத்த பேட்ச் தள்ளிப்போகிறது. ஒவ்வொரு பேட்ச்சும் இப்படித் தள்ளினால், ஆறு பேட்ச் ஓட வேண்டிய வருஷத்தில் ஐந்துதான் முழுதாக ஓடும். கூலி வீதத்தில் ஒரு பைசாவைக்கூடத் தொடாமல், விலை இறங்கிய நட்டத்தை அப்பா தலையில் ஏற்றியாயிற்று.

படித்த பிள்ளை நீங்கள். அப்பாவின் ஒப்பந்தத்தை ஒருமுறையாவது வாசித்தீர்களா? நகல் வீட்டில் இருக்கிறதா? "எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க, நானும் போட்டேன்" என்று அவர் சொன்னால் அவரைத் திட்டாதீர்கள். பேங்க் கடனில் கட்டிய ஷெட், வேறெதற்கும் உதவாது. அவர் வேறென்ன செய்வார்? ஏகபோகம் பற்றி எனக்கு எழுதும் நீங்கள் அந்தத் தாளைப் புரட்டாமல் இருப்பதுதான் தப்பு.

இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். இறங்கிய குஞ்சு எத்தனை, இறங்கும்போதே செத்தது எத்தனை. தீவன மூட்டையில் பத்துக்கு ஒன்றை எடை போட்டுப் பாருங்கள். சாவை நாள்வாரியாக எழுதி கம்பெனி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிடிக்கிற அன்று காலிக் கூண்டின் எடையை முதலில் குறியுங்கள். தீவனத்தை நிறுத்திய நேரம், வண்டி வந்த நேரம் இரண்டும் வேண்டும். வெறும் வயிற்றில் காத்திருக்கும் கோழி மணிக்கு மணி எடை இழக்கும்.

கூலியை ஏற்றச் சொல்லி வளர்ப்பவர்கள் போராடுவது நியாயம், போராடட்டும். அதோடு ஒரு வரியை ஒப்பந்தத்தில் கேளுங்கள்: 42ஆம் நாளுக்குப் பிறகு தின்கிற தீவனமும் சாகிற கோழியும் வளர்ப்பவர் கணக்கில் ஏறக்கூடாது. தனியாகக் கேட்டால் அடுத்த பேட்ச் வராது. பக்கத்து ஷெட்காரர்களின் நோட்டுகளையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.