புயல் அடித்த தீவுகளுக்குக் கப்பலில் சுற்றுலா போவது சரியா?

கேட்டிருப்பவர் ஈரோட்டுக்காரர். அமெரிக்காவில் இருக்கும் மகன் கரீபியன் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார், வழியில் ஜமைக்கா வருகிறது, அங்கே 2025 அக்டோபரில் மெலிசா புயல் அடித்து நாசம் பண்ணிவிட்டது, இந்த நேரத்தில் போகலாமா, ரத்து செய்துவிடலாமா என்பது கேள்வி.

போங்கள். தாராளமாகப் போங்கள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், "அடுத்தவன் கூரை பறந்து கிடக்கும்போது கப்பலில் போய்க் கும்மாளம் போடுவது மனிதத்தன்மையா" என்று கேட்டிருக்கிறார். அதற்கு நிறையப் பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். இதே பேச்சை நான் நேரில் வாங்கியவள். 2018இல் நாங்கள் இப்படி ஒரு கப்பலில் போய்விட்டு ஊர் திரும்பியதும், ஒரு சீர் வீட்டில் எல்லார் முன்னாலும் என் நங்கையா, "எழவு ஊட்டுல போயி விருந்து தின்னுட்டு வந்திருக்கறா" என்றார். வயதில் பெரியவர், சபை வேறு, பேசாமல் இருந்துவிட்டேன். இங்கே எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

எங்களுக்குப் பவானி. ஆறுகள் கூடுகிற இடம், திதி கொடுக்க சனங்கள் வரும் கூடுதுறைக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் தேங்காய் பழக் கடை வைத்திருந்தார். மகள் ஃப்ளோரிடாவில். பேத்தியைப் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைதான் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டுவிட்டார். மலிவுக்குக் காரணம் முந்தைய செப்டம்பர். 2017 செப்டம்பர் 6ஆம் தேதி இர்மா புயல் பார்புடா, செயின்ட் மார்டின், செயின்ட் தாமஸ் என்று வரிசையாக ஏறி மிதித்துவிட்டுப் போனது. இரண்டு வாரம் கழித்து மரியா வந்து டொமினிக்காவையும் பியூர்ட்டோ ரிக்கோவையும் முடித்தது. பார்புடாவில் ஒரு ஆள் மிச்சமில்லாமல் எல்லாரையும் பக்கத்தில் ஆன்டிகுவா தீவுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். செயின்ட் தாமஸுக்கு நவம்பரிலும், செயின்ட் மார்டினின் டச்சுப் பக்கத்துக்கு (அந்தத் தீவு பாதி பிரான்ஸுடையது, பாதி டச்சுக்காரர்களுடையது) டிசம்பரிலும்தான் மறுபடி கப்பல் வர ஆரம்பித்தது. நாங்கள் போனது பொங்கல் கழிந்து.

விடியற்காலையில் கப்பல் செயின்ட் தாமஸை நெருங்கும்போது மலைச்சரிவு முழுக்க வீடுகள், அதில் பாதி நீலக் கூரை. இந்த ஊரில் கூரைக்கு நீலப் பெயின்ட்தான் அடிப்பார்களா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். கூரை போன வீடுகளுக்கு அமெரிக்க அரசாங்கம் போட்டுக் கொடுத்த தார்ப்பாய் அது என்றார். ஆனால் இறங்கிய இடம் பளபளவென்று இருந்தது. கழுவிவிட்ட தரை, திறந்த கடைகள், மேளக்காரர்கள், ஜூஸ் கொடுத்து வரவேற்பு. முதலில் சரிசெய்வது நம் கால் படும் இடத்தைத்தான், அது எந்த ஊரிலும் அப்படித்தான். அதனால் கப்பலில் போய்விட்டு வந்து "அங்கே ஒன்றுமே ஆகவில்லை" என்று சொல்கிறவர் துறைமுகத்தைத் தாண்டாதவர். "எல்லாம் போச்சு, போகாதீர்கள்" என்கிறவர் வீட்டில் டி.வி. பார்த்தவர்.

நாங்கள் வெளியே போனோம். அங்கே டாக்சி என்றால் லாரியின் பின்பக்கம் பெஞ்சு போட்டு மேலே கூரை கட்டிய மாதிரி ஒரு வண்டி, சஃபாரி என்கிறார்கள். (அமெரிக்கக் கொடி பறக்கிற ஊர், ஆனால் வண்டி நம் ஊர் மாதிரி இடப்பக்கம் ஓடுகிறது. எங்கள் வீட்டுக்காரர் இதை மட்டும் ஊரில் எல்லாரிடமும் சொன்னார்.) மேகன்ஸ் பே கடற்கரைக்குப் போகிற வழியில் டிரைவர் ஒரு நீலக் கூரையைக் கைநீட்டிக் காட்டி, அது என் வீடு என்றார். நான் அய்யோ பாவம் என்றதும் மகள் அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். அந்த மனிதருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. கூரைக்கு ஆள் சொல்லியிருக்கிறேன், அது வரும்போது வரும், கப்பல் வராத மாதங்களில்தான் வண்டிக்கு டீசல் போடக் கஷ்டப்பட்டேன் என்றார். இறங்கும்போது மகள் கையில் ஒரு கத்தை விசிட்டிங் கார்டு கொடுத்து, ராத்திரி சாப்பாட்டு மேசையில் மற்றவர்களுக்குக் கொடுங்கள், அடுத்த கப்பலில் வருகிற சொந்தக்காரர்களுக்கும் சொல்லுங்கள் என்றார். டிப்ஸையும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது.

கடற்கரையில் தென்னைகளைப் பார்த்தேன். தேங்காய் வியாபாரம் பண்ணுகிறவள் கண் வேறெங்கே போகும்? தலை முறிந்த மரம் முறிந்ததுதான், குருத்து போனால் பனங்கட்டை மாதிரி நிற்க வேண்டியதுதான். ஆனால் மட்டையெல்லாம் பிய்ந்து போயும் குருத்து தப்பிய மரங்களில் நடுவே இளம்பச்சையாக ஓலை விரிந்திருந்தது. அந்த மரங்களில் காய் பார்க்க இன்னும் நாளாகும், ஆனால் மரம் பிழைத்துவிட்டது.

கடைவீதியில் நகைக்கடைகள் வரிசையாக. அதில் நிறையக் கடைகள் சிந்திக்காரர்களுடையவை, எத்தனையோ வருடமாக அங்கேயே இருக்கிறார்கள். இந்தியாவா என்று ஒருவர் ஆசையாக ஹிந்தியில் ஆரம்பித்தார். எங்களுக்கு ஹிந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. அப்புறம் இங்கிலீஷில்தான் பேசினோம். கண்ணாடி போன ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தார், பாதி அலமாரி காலி. நகை வாங்குகிற உத்தேசம் எங்களுக்கு இல்லை என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் செயின்ட் மார்டின், பிலிப்ஸ்பர்க். கரையோர நடைபாதையில் ஒரு அம்மா துணிப்பை, பாசிமணி விற்றுக்கொண்டிருந்தார். பின்னால் ஜெனரேட்டர் காது கிழிய ஓடியது. நான் பை ஒன்றை எடுத்து விலை கேட்டுப் பேரம் பேசினேன். பேத்திக்கு அவமானமாகப் போய்விட்டது, "அம்மாயி, இவங்க வீடே போயிருக்கும், பேரம் பேசாதே" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. கடை போட்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் வியாபாரம்தான் பேச வேண்டும், இரக்கப்பட்டுக் கூடக் கொடுத்துவிட்டு வந்தால் அது பிச்சை. அந்த அம்மாவும் லேசில் இறங்கவில்லை, நல்ல கைகாரி. கடைசியில் மூன்று பையாக எடுத்தால் குறைக்கிறேன் என்றார், எடுத்துக்கொண்டேன். இதற்காக என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

கப்பல் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது வருவீர்கள். இல்லை. அவர்கள் லாபத்துக்குத்தான் வருகிறார்கள், துறைமுகத்துக்குள் இருக்கும் பெரிய கடைகளும் ஊருக்கு ஊர் ஒரே பெயர் போட்ட கடைகள்தான். நீங்கள் கப்பலைவிட்டு இறங்காமல் அறையில் படுத்துத் தூங்கினாலும், தலைக்கு இவ்வளவு என்று துறைமுக வரி உங்கள் டிக்கெட்டிலிருந்து போய்விடும். டாக்சிக்காரருக்கும் பை விற்கிற அம்மாவுக்கும் போகாது. அவர்களுக்குப் போக வேண்டுமென்றால் நீங்கள் இறங்கி, கேட்டைத் தாண்டி நடக்க வேண்டும். சில்லறை டாலர் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் போனால் கார்டு மெஷின் வேலை செய்யாது.

இன்னொன்று. அந்தத் துறைமுகக் கடைகளில் தீவின் பெயர் போட்ட காந்தப் பொம்மையைத் திருப்பிப் பார்த்தால் சீனாவில் செய்தது. எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் என் அப்பா ஜமக்காளத் தறியில் உட்கார்ந்தவர். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு 2005-06 வாக்கிலேயே கிடைத்துவிட்டது. இன்றைக்கும் எங்கோ விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி ஜமக்காளம் என்று கூசாமல் விற்கிறார்கள். குழித்தறியில் காலை விட்டு நெய்கிறவர் கேட்கும் விலையைச் சொன்னால், "அங்கே பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்று நம் ஊர்க்காரர்களே கேட்கிறார்கள். கல்யாண மண்டபத்துக்கு ஏ.சி. வேண்டும், அலங்காரத்துக்கு லட்சம் லட்சமாக வேண்டும், விரிக்கிற ஜமக்காளம் மட்டும் பாதி விலையில் வேண்டும். சரி, இது வேறு கதை, விட்டால் இரவு முழுக்க எழுதுவேன்.

நங்கையாவுக்கு நான் அன்றைக்குச் சொல்லாத பதில் அதே வருடம் ஆகஸ்டில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள், பவானி ஆற்றிலும் வெள்ளம். ஆற்றோரத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது, சனங்கள் மண்டபங்களில் தங்கினார்கள். தண்ணீர் வடிந்தது, சேற்றை வாரினோம், கடையைத் திறந்தோம். ஆள் வரவில்லை. திதி கொடுக்க வருகிறவர்கள், பரிகாரத்துக்கு வருகிறவர்கள் எல்லாம், பாவம் வெள்ளத்தில் கிடக்கிறார்கள், இப்போது போய் என்ன தொந்தரவு செய்வது என்று நல்ல மனதோடு ஒதுங்கிக்கொண்டார்கள். டி.வி.யில் பழைய வெள்ளப் படத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாழைப்பழம் கடையிலேயே கறுத்துப்போய் மாட்டுக்குப் போட்டோம். பூக்காரம்மா தொடுத்த பூவை ஆற்றில் விட்டார். எங்கள் மேல் இரக்கப்பட்ட அத்தனை பேரும் அவரவர் வீட்டில் பத்திரமாக இருந்தார்கள், எங்கள் கல்லாதான் காலி.

புயல் என்றதும் மொத்தக் கடலையும் ஒதுக்கிவிடாதீர்கள். 2019 செப்டம்பரில் டோரியன் புயல் பஹாமாஸில் அபாக்கோவையும் கிராண்ட் பஹாமாவையும் புரட்டிப் போட்டது, ஆனால் பஹாமாஸில் இருப்பது சுமார் 700 தீவுகள், தலைநகர் நசாவ் தப்பிவிட்டது. ஜமைக்காவிலும் மெலிசா கரையேறியது தென்மேற்கு மூலையில், பிளாக் ரிவர் பக்கம். பெரும்பாலும் கப்பல்கள் போய் நிற்பது வடக்குக் கரையில். நடுவே மலை. வடக்கிலும் சேதம் இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று பெயர் கேட்டு வரைபடத்தில் பாருங்கள்.

துறைமுகம் தயாராக இல்லையென்றால் கப்பலே போகாது, வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். 2017 இலையுதிர் காலத்தில் கிழக்குத் தீவுகளுக்குப் போக வேண்டிய எத்தனையோ கப்பல்களை மேற்குப் பக்கம் திருப்பினார்கள். அதற்கு டிக்கெட் ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கிறது. அந்தத் துறைமுகத்துக்கான வரியை மட்டும் திருப்பித் தருவார்கள், மற்றதற்குச் சண்டை போட்டுப் பயனில்லை. பயணக் காப்பீடு எடுப்பதானால் இப்போதே எடுக்கச் சொல்லுங்கள், ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குச் செல்லாது. புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை, உங்களுக்கு எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. முக்கியமாக விசாவைப் பாருங்கள். கப்பல் அமெரிக்காவைவிட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறது, அதனால் பலமுறை நுழையும் விசா இருந்தால்தான் நம் பாஸ்போர்ட்காரர்களை ஏற்றுவார்கள். உங்கள் விசாவில் அது இருக்கிறதா என்று மகனை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.