வீடியோ மாடல் பயிற்சி: பேட்ச் சைஸ் எவ்வளவு வைப்பது? கேள்வி-பதில்

80 ஜிபி ஜிபியுவில், வீடியோ உருவாக்கும் மாடலான வான் 2.1-இன் 14 பில்லியன் அளவுரு வடிவத்துக்கு லோரா பயிற்சி (மூல எடைகளை மாற்றாமல் சிறு கூடுதல் அணிகளை மட்டும் பயிற்றுவது). 720பி, 81 ஃபிரேம். செக்பாயின்டிங் (இடைக்கணக்குகளைச் சேமிக்காமல் தேவைப்படும்போது மீண்டும் கணக்கிடுவது) போட்டும் பேட்ச் 1, அதாவது ஒரு தடவைக்கு ஒரு கிளிப், மட்டுமே ஓடுகிறது; 2 வைத்தால் மெமரி போதவில்லை. எங்கே தப்பு?

தப்பு எதுவும் இல்லை. கிளிப்பை எண்ணாமல் டோக்கனை, அதாவது மாடல் பார்க்கும் சிறு துண்டுகளை, எண்ணிப் பாருங்கள். வானின் விஏஇ (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் பகுதி) முதல் ஃபிரேமைத் தனியாக வைத்துக்கொண்டு, மீதியை நான்குக்கு ஒன்றாகச் சுருக்குகிறது: 1 + 80/4 = 21. அகலமும் உயரமும் 8 மடங்கு சுருங்கி, பிறகு 2×2 கட்டங்களாகின்றன. 1280×720 என்பது 80×45 = 3,600. மொத்தம் 75,600 டோக்கன், அதுவும் ஒரே கிளிப்புக்கு.

செக்பாயின்டிங் போட்டாலும் ஒவ்வொரு லேயரின் உள்ளீடும் மெமரியில் நிற்கும். 75,600 டோக்கன் × டோக்கனுக்கு 5,120 எண் × எண்ணுக்கு 2 பைட் என்றால் சுமார் 0.77 ஜிபி. 40 லேயருக்கு 31 ஜிபி. மாடல் எடைகள் பிஎஃப்16-இல் (எண்ணுக்கு 2 பைட் வடிவம்) 28 ஜிபி. பேட்ச் 1-க்கே 59 ஜிபி ஆகிவிட்டது. 2 என்றால் 90. 480×832-க்கு இறங்கினால் 32,760 டோக்கன், கிளிப்புக்கு சுமார் 13.4 ஜிபி. பேட்ச் 2 அங்கே உட்காரும்.

விஏஇயும் டெக்ஸ்ட் என்கோடரும் அதே ஜிபியுவில் இருந்தால் முதலில் அவற்றை வெளியேற்றுங்கள். லேட்டன்ட்களை (விஏஇ சுருக்கித் தந்த வடிவத்தை) முன்கூட்டியே கணக்கிட்டு டிஸ்க்கில் வைக்கலாம்: 480பி, 81 ஃபிரேம் கிளிப் ஒன்றுக்கு 4.2 எம்பிதான்.

மெமரியில் 60 சதவீதம்தான் நிரம்புகிறது. பேட்ச்சை ஏற்றி நிரப்பிவிடலாமா?

நிரம்பிய மெமரி வேகத்துக்கு அத்தாட்சி அல்ல. பேட்ச் 1, 2, 4 என்று மாற்றி, முதல் 20 ஸ்டெப்பைத் தள்ளிவிட்டு, அடுத்த 50-இல் நொடிக்கு எத்தனை கிளிப் என்று அளந்து பாருங்கள். முப்பதாயிரம் டோக்கன் உள்ள ஒரே கிளிப்பே ஜிபியுவுக்குப் போதுமான வேலை. அதற்கு மேல் ஏற்றுவது அதே அடுப்பில் பானையை இறக்கிவிட்டு அண்டாவை ஏற்றுவது போலத்தான். ஆனால் 256×256, 17 ஃபிரேம் என்றால் வெறும் 1,280 டோக்கன். அங்கே பேட்ச்சை ஏற்றினால் வேகம் கூடும்.

நீளக் கிளிப்பில் மிச்சமிருக்கும் மெமரியைச் செலவிட வேறு நல்ல வழி உண்டு: சில லேயர்களில் செக்பாயின்டிங்கை நிறுத்துங்கள். செக்பாயின்டிங் என்பது ஃபார்வர்டை (உள்ளீட்டிலிருந்து வெளியீடு வரையான கணக்கை) இன்னொரு முறை ஓட்டுவது. மொத்தக் கணக்கீட்டில் அது சுமார் கால் பங்கு.

எனக்கு எத்தனை பேட்ச் தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள்.

மெமரிக்குள் அடங்குவது ஓர் எண். ஜிபியு சும்மா இருக்காமல் பார்ப்பது இன்னொன்று. கற்றலுக்குத் தேவையானது மூன்றாவது, அதை கிரேடியன்ட் அக்யுமுலேஷனால் எட்டலாம்: பல சிறு பேட்ச்களின் கிரேடியன்டை (எடைகளை எந்தப் பக்கம், எவ்வளவு மாற்றுவது என்ற கணக்கை) சேர்த்துவைத்து ஒரே ஸ்டெப்பாக எடுப்பது. ஆளுக்கொரு எண் வருவது இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான்.

மூன்றாவதை அளக்க, 2018-இல் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் முன்வைத்த கிரேடியன்ட் நாய்ஸ் ஸ்கேல் (கிரேடியன்டில் இரைச்சல் சைகையைப் போல் எத்தனை மடங்கு என்ற அளவு) உதவும். மைக்ரோபேட்ச் (ஒரு தடவையில் ஓட்டுவது) 1, அக்யுமுலேஷன் 16 என்று வையுங்கள். ஒவ்வொரு மைக்ரோபேட்ச்சின் கிரேடியன்ட் நார்மையும் (நீளத்தையும்) தனித்தனியே எடுத்து வர்க்கப்படுத்துங்கள். 16-இன் சராசரி கிரேடியன்டுக்கும் அதே போல. கிரேடியன்டை வரம்புக்குள் வெட்டும் கிளிப்பிங்குக்கு முன்னால் எடுக்க வேண்டும். சில நூறு ஸ்டெப்புக்குச் சராசரி பார்த்ததில் மைக்ரோபேட்ச்சுக்கு 4.0, 16-இன் சராசரிக்கு 0.55 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம்.

உண்மைச் சைகை: (16 × 0.55 − 1 × 4.0) / 15 = 0.32
இரைச்சல்: (4.0 − 0.55) / (1 − 1/16) = 3.68
விகிதம்: 3.68 / 0.32 = 11.5

ஆக, இந்த ஓட்டத்துக்கு 11-12 பக்கம். இந்த அளவில் நின்றால், குறைந்தபட்சம் தேவையான ஸ்டெப்பைப் போல் இரு மடங்கும், குறைந்தபட்ச டேட்டாவைப் போல் இரு மடங்கும் செலவாகும். இதற்குக் கீழே பேட்ச்சை இரட்டித்தால் ஸ்டெப் நன்றாகக் குறையும். வெகு மேலே போனால் மின்கட்டணம்தான் ஏறும். ஆடம் என்ற ஆப்டிமைசருக்கு (எடைகளைத் திருத்தும் முறை) இது தோராயமே: பத்தா, நூறா, ஆயிரமா என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முன்னேற முன்னேற இந்த எண் ஏறும். லோராவில் தொடக்கத்திலேயே அளக்காதீர்கள். அதன் இரண்டு அணிகளில் ஒன்று பூஜ்யத்தில் தொடங்குவதால் மற்றதன் கிரேடியன்டும் முதல் ஸ்டெப்பில் பூஜ்யம்.

இரைச்சலில் கணிசமான பங்கு வீடியோவிலிருந்து வருவதே இல்லை; ஒவ்வொரு கிளிப்புக்கும் குலுக்கிப் போடும் டைம்ஸ்டெப்பிலிருந்து (கிளிப்பில் எவ்வளவு இரைச்சல் கலப்பது என்ற எண்) வருகிறது. 0 முதல் 1 வரை 16 துண்டாக்கி, துண்டுக்கு ஒன்றாக எண் எடுங்கள். நடுப்பகுதி எண்களை அதிகம் எடுக்கும் லாஜிட்-நார்மல் பரவல் என்றால் துண்டில் எடுத்த எண்ணைப் பிறகு அந்தப் பரவலுக்கு மாற்றிக்கொள்ளலாம். பேட்ச்சை ஏற்றாமலே கிரேடியன்ட் அமைதியாகும். மேலே சொன்ன அளவீட்டின்போது மட்டும் இதை நிறுத்திவையுங்கள். மாதிரிகள் ஒன்றையொன்று சாராதவை என்பதுதான் அந்தச் சூத்திரத்தின் அடிப்படை.

அக்யுமுலேஷன் 16 என்பது உண்மையான பேட்ச் 16-க்குச் சமமா?

இந்த மாடல்களில் பேட்ச்நார்ம் (பேட்ச்சில் உள்ள கிளிப்களைச் சேர்த்துச் சீராக்கும் லேயர்) இல்லை, ஆகவே சமமே. சராசரியைச் சரியாக எடுத்தால். 17 ஃபிரேம் கிளிப்பும் 81 ஃபிரேம் கிளிப்பும் கலந்து வரும்போது கிளிப்புக்குச் சம எடையா, டோக்கனுக்குச் சம எடையா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். மொழி மாடல் பயிற்சி நூலகங்களிலேயே சராசரியைத் தவறான எண்ணால் வகுக்கும் பிழை 2024 அக்டோபரில்தான் பரவலாகக் கவனிக்கப்பட்டது. 100 கிளிப்பில் கடைசியாக 4 மிஞ்சும். அதையும் 16-ஆல் வகுத்தால் அந்த ஸ்டெப்பின் கிரேடியன்ட் கால் பங்காகிவிடும். மிஞ்சியதை விட்டுவிடுவதே மேல்.

8 ஜிபியுவில் 480பியும் 720பியும் கலந்து ஓட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் டோக்கன் ஏறத்தாழச் சமம், ஆனாலும் மெதுவாக இருக்கிறதே?

டோக்கன் சமமானால் நேரம் சமமாகாது. 720பி கிளிப்பில் டோக்கன் 2.3 மடங்கு, ஒவ்வொரு டோக்கனையும் மற்றெல்லாவற்றோடும் ஒப்பிடும் அட்டென்ஷன் வேலையோ 5.3 மடங்கு. இரண்டு 480பி கிளிப் ஏற்றிய ஜிபியு முன்னதாகவே முடித்துவிட்டு, 720பிக்காகக் காத்திருக்கும். ஒவ்வொரு பக்கெட்டின் (ஒரே அளவுக் கிளிப்களின் தொகுதி) ஸ்டெப் நேரத்தையும் நொடியில் அளந்து, அதற்கேற்ப பேட்ச் ஒதுக்குங்கள். அதைவிட எளிது, ஒரு ஸ்டெப்பில் எல்லா ஜிபியுவுக்கும் ஒரே பக்கெட் தருவது.

பேட்ச் 32-இலிருந்து 256. லேர்னிங் ரேட்டையும் (ஒரு ஸ்டெப்பில் எடைகளை எவ்வளவு மாற்றுவது) 8 மடங்காக்கவா?

வேண்டாம். நேர்விகிதம் எஸ்ஜிடி என்ற எளிய ஆப்டிமைசருக்கு நன்றாக வேலை செய்த விதி. ஆடமுக்கு வர்க்கமூலத்திலிருந்து தொடங்குங்கள்: √8 ≈ 2.8, அதாவது 0.00005 என்பது 0.00014 ஆகும். இஎம்ஏவை (எடைகளின் நகரும் சராசரியை) மறந்துவிடுகிறார்கள்: 0.9999-ஐ 8-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 0.9992 வைக்க வேண்டும்.

30 கிளிப்தான் இருக்கிறது. லோராவுக்கு?

1 முதல் 4. பேட்ச் 16 வைத்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்டெப்கூடத் தேறாது.

400-ஆவது ஸ்டெப் வரை ஓடிவிட்டு மெமரி பிழையில் நிற்கிறது.

அந்த ஸ்டெப்பில் ஒன்று நீளமான பக்கெட் முதன்முறையாக வந்திருக்கும், அல்லது மாதிரி வீடியோ எடுக்க விஏஇ டிகோட் ஓடியிருக்கும். பயிற்சி தொடங்கியதும் மிகப் பெரிய பக்கெட்டையும் ஒரு டிகோடையும் முதலிலேயே ஓட்டிப் பாருங்கள். விழுவதானால் இரண்டாவது நிமிடத்திலேயே விழட்டும். டிகோடை டைலிங்கில் (துண்டு துண்டாக ஓடும்படி) வையுங்கள். அப்படியும் விழுந்தால், அளவு மாறி மாறி வருவதால் மெமரி துண்டுபட்டிருக்கலாம். பைடார்ச்சில் விரியும் செக்மென்ட் (expandable_segments) அமைப்பை இயக்கிப் பாருங்கள்.